சர்க்கரை நோயில் காலை எடுக்கும் நிலை யாருக்கு வருகிறது?

#1 செங்கதிர்

சொந்தத்தில் இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. தாய்மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 7.5-ஐத் தாண்டியதே இல்லை. மாத்திரை, நடை எல்லாம் ஒழுங்கு. அவருக்குத்தான் போன வருடம் கட்டைவிரலில் ஒரு புண் வந்து, ஆறாமல் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்னொருவர் பெரியப்பா. சராசரி 9, 10 என்று ஓடும். மருத்துவரைப் பார்ப்பதே அபூர்வம். அவர் காலில் இன்று வரை ஒரு கீறல் இல்லை.

காலை எடுத்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மாமாவிடம் கேட்ட ஒரே கேள்வி, "சுகரைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லையா?" மனிதர் அதைக் கேட்டுக் கேட்டு ஒடுங்கிப் போய்விட்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காலை இழக்க வைப்பது சர்க்கரை அளவு மட்டும்தானா, வேறு காரணங்களும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 அறிவன்

மாமாவுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் சர்க்கரை அளவுதான் வேர் என்பதை மறுக்க முடியாது. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த யுகேபிடிஎஸ் ஆய்வின் தரவை 2000-இல் அலசியபோது, மூன்று மாத சராசரி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கால் அகற்றமும் கால் ரத்தநாள நோயால் வரும் இறப்பும் சேர்ந்து 43 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் வேறு எந்தச் சிக்கலிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 7.5 என்பது இப்போதைய அளவு. அதற்கு முந்தைய வருடங்களில் எப்படி இருந்தது, நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே எத்தனை காலம் ஏறிக் கிடந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. நரம்பும் ரத்தநாளமும் அந்தப் பழைய காலத்தையும் சேர்த்துத்தான் சுமக்கின்றன.

#3 மீனலோசனி

நான் பாதப் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அறிவன் சொன்ன எண்ணில் தவறில்லை. ஆனால் அது லட்சம் பேருக்குப் பொருந்தும் உண்மை. ஒருவருடைய காலுக்கு என்ன ஆகும் என்பதைச் சராசரி அளவு தனியாகத் தீர்மானிப்பதில்லை. எங்களிடம் வருபவர்களைப் பார்த்துச் சொல்கிறேன், காலை இழப்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் பெரும்பாலும் கால் தப்பித்துவிடும்.

முதல் கண்ணி மரத்துப்போவது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிப் போகிறது. திடீரென்று போகாததால் யாருக்கும் தெரிவதில்லை. "எனக்கு உணர்ச்சியெல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்பவரின் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துக் கேட்டால், "வைத்துவிட்டீர்களா?" என்று நம்மையே கேட்பார். இப்படி ஒருவர் காலையில் போட்ட ஷூவை மாலையில் கழற்றியபோது உள்ளே இருந்து ஒரு திருகாணி விழுந்தது. நாள் முழுக்க அதன்மேல்தான் நடந்திருக்கிறார். முகத்தில் அதிர்ச்சி இருந்தது, வலி இல்லை.

மரத்துப்போவதோடு இன்னும் இரண்டு சேரும். பாதத்தின் சின்னத் தசைகள் நலிந்து விரல்கள் கொக்கிபோல மடங்கும், அதனால் அழுத்தம் ஒரே இடத்தில் விழும். வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். அழுத்தம் விழும் இடத்தில் காய்ப்பு வரும். காய்ப்பைப் பலரும் தோல் தடித்திருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பிளேடால் மெல்லச் சீவும்போது அடியில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், அங்கே ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். புண் உள்ளே தொடங்கிவிட்டது, வெளியே வர நாளாகும். அவ்வளவுதான்.

இரண்டாவது கண்ணி ரத்த ஓட்டம். புண்ணோடு வருபவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கால் ரத்தநாளத்திலும் அடைப்பு இருக்கிறது. புகைப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். மாற்றக்கூடிய காரணங்களில் புகையை முதலிடத்தில்தான் வைப்பேன்.

மூன்றாவது, கிருமித்தொற்று. கால் புண்களில் பாதிக்கு மேல் எப்போதாவது தொற்று வந்துவிடுகிறது. நடுத்தரம் அல்லது கடுமையான தொற்று என்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு விரலோ, பாதத்தின் பகுதியோ, காலோ எடுக்கும்படி ஆகிறது. ரத்த ஓட்டக் குறைவும் தொற்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நான்காவது கண்ணியைப் பாடப்புத்தகங்களில் கடைசியில் போடுவார்கள், நான் முன்னால் போடுவேன்: தாமதம். வலி இல்லாததால் வரும் தாமதம். சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அதற்கு முன்னால் ஒரு புண் இருந்திருக்கிறது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு நேரம் இருந்தது.

பெரியப்பா தப்பித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். உணர்ச்சி இன்னும் இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, அடிபடவில்லை. ஆனால் 9, 10 என்று ஓடுவது அந்த முதல் இரண்டு கண்ணிகளையும் இப்போது செய்துகொண்டிருக்கிறது. அவருடைய பாதத்தை யாராவது பரிசோதித்திருக்கிறார்களா?

மாமாவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

#4 செங்கதிர்

அக்கா, மிக்க நன்றி. பெரியப்பாவை அழைத்துப் போகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மாமாவுக்கு ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தார்கள். கையிலும் கணுக்காலிலும் அழுத்தம் பார்த்து, விகிதம் 1.4-க்கு மேல், "ரத்த ஓட்டம் நன்றாகவே இருக்கிறது" என்றார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில் டிரஸ்ஸிங்தான் நடந்தது. அப்புறம் விரல் கறுத்தது. நடக்கும்போது கெண்டைக்கால் வலி என்றுகூட அவர் சொன்னதில்லை.

#5 நன்மாறன்

ரத்தநாள அறுவைப் பிரிவில் பணிபுரிகிறேன். மாமாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் ஏபிஐ. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. 0.9 முதல் 1.3 வரை சாதாரணம். 1.3, 1.4 என்று மேலே போனால் "இன்னும் நல்லது" என்று அர்த்தமே இல்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் ரத்தநாளச் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து குழாய் விறைத்துப்போகிறது. அழுத்தப்பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்காது, கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். உள்ளே ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். சில நேரம் எண் 1.1 என்று அழகாக வந்தும் ஏமாற்றும்.

அதனால் புண் உள்ள சர்க்கரை நோயாளிக்கு ஏபிஐ மட்டும் போதாது. கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், ஏனென்றால் விரல் நாளங்களில் இந்தச் சுண்ணாம்புப் படிவு குறைவு. ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கருவியில் அலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். விரல் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே, அல்லது கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் ஆஞ்சியோ போன்ற படம் எடுத்து ரத்த ஓட்டத்தைத் திறக்கும் வழியைத் தேட வேண்டும். எண்கள் சுமாராக இருந்தாலும், நல்ல கவனிப்புக்குப் பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் புண் ஆறும் பாதைக்கு வரவில்லை என்றால் ரத்தநாளத்தை மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

கெண்டைக்கால் வலி வராததற்கும் காரணம் உண்டு. நரம்பு மரத்தவருக்கு அடைப்பின் வலியும் தெரியாது. இன்னொன்று, தொங்கவிட்ட கால் நல்ல சிவப்பாக இருப்பதைப் பார்த்து ரத்தம் பாய்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். படுக்கவைத்து அந்தக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். வெளிறிப் போய், கீழே விட்டதும் மறுபடி கருஞ்சிவப்பானால் அது கடுமையான அடைப்பின் அடையாளம்.

ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். "சர்க்கரையில் நுண்ணிய நாளங்கள் எல்லாம் அடைத்துவிடும், அதனால் எதுவும் செய்ய முடியாது, எடுத்துவிடலாம்" என்பார்கள். நுண்நாளங்கள் அப்படி அடைபடுவதில்லை என்று 1984-லேயே லோகெர்ஃபோ, காஃப்மேன் என்ற இருவர் விளக்கி எழுதிவிட்டார்கள். சர்க்கரை நோயில் அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள மூன்று நாளங்களில் வருகிறது, பாதத்துக்குள் இருக்கும் நாளம் பல நேரம் திறந்தே இருக்கும். அதுவரை ரத்தத்தைக் கொண்டுபோக பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்ய முடியும். எல்லோருக்கும் முடியாது. ஆனால் உயிருக்கு ஆபத்தான தொற்று இல்லாதபோது, ரத்தநாளத்தைப் படம் பிடித்துப் பார்க்காமல் காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்டால், "ரத்தநாள நிபுணர் பார்த்தாரா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

#6 அறிவன்

> எண் 1.1 என்று அழகாக வந்தும் ஏமாற்றும்

இது எனக்குப் புதிய செய்தி. என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு கவலை, இதைப் படிப்பவர்கள் "சுகர் அளவு முக்கியமில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்கள் பி12 வைட்டமின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தாலும் நரம்பு பாதிக்கும், பழி முழுக்கச் சர்க்கரைமேல் விழும்.

#7 இளவேனில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. ஒரு வாரமாக இடது பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது. புண் எதுவும் இல்லை. வலி அவ்வளவாக இல்லை, அதனால் வேலைக்கு நடந்துதான் போகிறார். எக்ஸ்-ரே எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். யூரிக் அமிலமாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாமா?

#8 நன்மாறன்

இளவேனில், பார்க்க வேண்டாம். அண்ணனை அந்தக் காலை ஊன்ற வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். இன்றோ நாளையோ பாத நிபுணரிடம் காட்டுங்கள். நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உணர்ச்சி குறைந்த ஒருவருக்கு, புண்ணே இல்லாமல், ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினால், வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை அதைச் சார்கோ பாதம் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆரம்பத்தில் எக்ஸ்-ரே சாதாரணமாகவே இருக்கலாம், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும்.

#9 மீனலோசனி

நன்மாறன் சொன்னதோடு சேர்த்து: சார்கோவில் பாத எலும்புகள் இளகி நொறுங்கத் தொடங்கும். வலி தெரியாததால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார், ஒவ்வொரு அடியும் உள்ளே எலும்பை உடைக்கும். வளைவு சரிந்து பாதத்தின் அடி, படகின் அடிபோல வெளியே புடைத்துவிட்டால் பிறகு அந்த இடத்தில்தான் புண் வரும், அந்தப் புண்தான் காலை வாங்கும். ஆரம்பத்திலேயே முழங்கால் வரை கழற்ற முடியாத மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றிவிடலாம். கட்டு மாதக்கணக்கில் இருக்கும், அதற்கு வீட்டில் தயாராக இருங்கள். இரண்டு பாதத்துக்கும் வெப்ப வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்குள் வந்து அப்படியே நிற்கிறதா என்று பார்த்துத்தான் கட்டை எடுப்பார்கள்.

யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கினால் தொடவே விட மாட்டார்கள், அவ்வளவு வலி இருக்கும். அண்ணன் வேலைக்கு நடந்து போகிறார் என்பதே என்னைக் கவலைப்பட வைக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

#10 பூங்கோதை

அம்மாவுக்கு இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று கிளிஃப்ளோசின் என்று முடியும் மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அந்த வகை மாத்திரை காலை எடுக்க வைக்கும் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. அம்மா பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். உண்மையா?

#11 நன்மாறன்

பாதி உண்மை, அதுதான் சிக்கல். 2017-இல் வெளியான கேன்வாஸ் ஆய்வில் கானாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் 1000 பேருக்கு ஓராண்டில் 6.3 அகற்றங்கள், எடுக்காதவர்களிடம் 3.4. பெரும்பாலும் கால்விரல், பாதத்தின் முன்பகுதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஆண்டே பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. பிறகு அதே மருந்தை வைத்து 2019-இல் வந்த கிரெடென்ஸ் ஆய்வில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. 2020-இல் அந்தப் பெட்டி எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள், ஆபத்து பற்றிய சாதாரணக் குறிப்பு மட்டும் மருந்துக் குறிப்பில் இருக்கிறது.

காலில் புண்ணோ கறுப்போ இருக்கும்போது இந்த வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே எடுப்பவருக்குப் புண் வந்தால் ஆறும்வரை நிறுத்திவைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது இப்போதைய வழிகாட்டுதல். அம்மாவுக்குக் காலில் புண் இல்லை, முன்பு விரல் எடுத்ததில்லை, கால் அடைப்பு இல்லை என்றால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் பலன் பெரியது. தானாக நிறுத்தியதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். பாதத்தைப் பரிசோதித்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.

#12 செங்கதிர்

பெரியப்பாவைக் கேட்டால், "வலித்தால் போகலாம், இப்போது எதற்கு?" என்கிறார். வீட்டிலேயே உணர்ச்சியைப் பார்த்து அவருக்குக் காட்ட ஏதாவது வழி உண்டா? அப்புறம், எத்தனை நாளுக்கு ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும்?

#13 மீனலோசனி

உண்டு, கருவி எதுவும் வேண்டாம். பிரிட்டனில் இப்ஸ்விச் என்ற ஊரில் உருவானது. அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அழுத்தவோ தட்டவோ கூடாது, ஒரே இடத்தை மறுபடி தொடக் கூடாது. தொடுவதை உணரும்போது எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ தவறவிட்டால் அடிபடுவதைக் காட்டிக்கொடுக்கும் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பல பேர் மனம் மாறுவதே இந்த இடத்தில்தான். மகன் தொட்டுக்கொண்டிருக்கிறான், தனக்குத் தெரியவில்லை என்று அப்பா கண் திறந்து பார்க்கும்போது நான் எதுவும் பேச வேண்டியிருக்காது. ஆறையும் சரியாகச் சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுவதை விட்டுவிடாதீர்கள், இதில் ரத்த ஓட்டம் தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஆளைப் பொறுத்தது. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதம். இரண்டும் குறைந்தால், அல்லது ஒன்று குறைந்து பாத வடிவமும் மாறியிருந்தால், 3 முதல் 6 மாதம். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்ததோடு, முன்பு புண் வந்தவர், ஏதாவது ஒரு பகுதியை எடுத்தவர், சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதத்துக்குள். கடைசி வகையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது பத்தில் நான்கு பேருக்கு. ஆறிவிட்டது என்ற நிம்மதியில் வருவதை நிறுத்தியவர்களைத்தான் மறுபடி மோசமான நிலையில் பார்க்கிறோம்.

வீட்டில் தினமும் பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்குகளையும் சேர்த்து. கண் பார்வை மங்கியவருக்கு வேறு யாராவது பார்க்க வேண்டும். சர்க்கரையால் கண் கெட்டவருக்குக் காலும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், அவரால் தன் காலைப் பார்க்கவும் முடியாது. ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சுடுநீரில் காலை வைப்பது, ஒத்தடப் பை, ஆணிக்கு ஒட்டும் அமிலப் பிளாஸ்டர், மூன்றும் வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

புண் வந்துவிட்டால், சுற்றிலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு பரவினாலோ, வாடை வந்தாலோ, எலும்பு தட்டுப்பட்டாலோ அன்றே போங்கள். காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆழமான தொற்றிலும் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. காரணமில்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறுவதுதான் சில நேரம் முதல் தடயம்.

#14 தமயந்தி

நான் இயன்முறை மருத்துவர், செயற்கைக் கால் பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வருபவர்கள் சங்கிலியின் கடைசியில் வருபவர்கள். அங்கிருந்து பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. பலருக்கு நல்ல மருந்து, நல்ல டிரஸ்ஸிங் எல்லாம் கிடைத்திருக்கிறது. அந்தப் புண்ணின்மேல் நடப்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். மரத்த கால் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தடுக்காததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் விழுந்து சிதைகிறது. சர்க்கரைப் பாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. அதனால் பாதத்தின் அடியில் உள்ள புண்ணுக்கு முதல் மருந்து பாரத்தை எடுப்பது. ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்து கடுமையான தொற்று இல்லையென்றால், முழங்கால் வரையிலான கழற்ற முடியாத கட்டுதான் முதல் தேர்வு. கழற்ற முடியாதது எதற்கு என்று கேட்பார்கள். கழற்றக்கூடிய காலணியைக் கொடுத்துவிட்டு ரகசியமாக அடிகளை எண்ணிய ஓர் ஆய்வில், நோயாளிகள் தங்கள் அன்றாட நடமாட்டத்தில் 28 சதவீதம்தான் அதை அணிந்து நடந்திருந்தார்கள். வீட்டுக்குள் "நாலு அடிதானே" என்று கழற்றிவிடுகிறார்கள். அந்த நாலு அடிகள்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கின்றன.

அப்புறம், "விரல்தானே, எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று நினைப்பவர்களுக்கு: கட்டைவிரல் போனால் பாதம் பாரத்தைத் தாங்கும் முறையே மாறிவிடும். பக்கத்து விரல்களும் முன்பாதமும் பழக்கமில்லாத சுமையை வாங்கும், அங்கே அடுத்த புண் வரும். எடுத்த இடம் ஆறியதும் அந்தப் பாதத்துக்கு ஏற்றபடி அச்செடுத்துச் செய்த காலணி வேண்டும். ஒரு காலை முழுக்க எடுத்தவருக்கு மற்ற காலில் சுமை கூடுகிறது, அதே நரம்பு, அதே ரத்தநாளம்தான் அங்கேயும் இருக்கிறது. செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வருபவரிடம் நான் முதலில் மற்ற காலின் உறையைக் கழற்றச் சொல்வது அதனால்தான்.

ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களையும் கவனியுங்கள். மனச்சோர்வு உள்ளவர் பாதத்தைப் பார்க்க மாட்டார், கட்டை மாற்ற மாட்டார், வரவும் மாட்டார். செங்கதிரின் மாமாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

#15 இளவேனில்

நேற்று அண்ணனை அழைத்துப் போனோம். இரண்டு பாதத்துக்கும் வெப்ப வித்தியாசம் 4 டிகிரி. எம்ஆர்ஐ-யில் நடுப்பாத எலும்புகளில் வீக்கம் தெரிகிறது, சார்கோதான் என்றார்கள். இன்னும் எலும்பு சரியவில்லை. மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். முகம் தெரியாத உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

#16 நன்மாறன்

எலும்பு சரியும் முன்பே கண்டுபிடித்தது பெரிய விஷயம், இளவேனில். கட்டு போட்ட பிறகு வீக்கம் சீக்கிரம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும். தளர்ந்த கட்டு உரசியே புண் உண்டாக்கும். அதனால் முதல் வாரங்களில் அடிக்கடி மாற்றுவார்கள், ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். மற்ற பாதத்தையும் தினமும் பாருங்கள்.

#17 குமரவேள்

தாமதமாக வருகிறேன். அப்பா டயாலிசிஸில் இருக்கிறார், வாரம் மூன்று முறை. மீனலோசனி அக்கா சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் கடைசி வகையில் சேர்த்திருப்பதைப் படித்துவிட்டு இன்று அவர் காலைப் பார்த்தேன். குதிகாலின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காய்ந்த கறுப்பு ஓடு இருக்கிறது. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அதை ஊறவைத்து எடுத்துவிடலாமா?

#18 மீனலோசனி

தொடாதீர்கள், குமரவேள். ஊறவைக்கவே கூடாது. குதிகாலில் காய்ந்து, இறுக்கமாக ஒட்டி, சுற்றிலும் சிவப்போ ஈரமோ இல்லாத கறுப்பு ஓட்டை அப்படியே காய்ந்த நிலையில் விட்டுவைப்பதுதான் வழக்கம். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அதைப் பெயர்த்தால் அடியில் ஆறவே ஆறாத திறந்த புண் கிடைக்கும். ஆனால் விட்டுவைப்பது என்றால் கவனிக்காமல் இருப்பதல்ல. இந்த வாரமே கால்விரல் அழுத்தமும் டாப்ளரும் பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நன்மாறன் சொன்ன சுண்ணாம்புப் படிவு மிக அதிகம், கணுக்கால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

இது பெரும்பாலும் டயாலிசிஸ் நாற்காலியில் மணிக்கணக்காகக் குதிகால் அழுந்தியதால் வந்திருக்கும். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கும்போது பாதத்துக்கு வரும் கொஞ்ச ரத்தமும் குறைந்துபோகும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள், வீட்டுப் படுக்கையிலும் அப்படியே. வளையம் போன்ற குஷன் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும். டயாலிசிஸ் செவிலியரிடம் ஒவ்வொரு முறையும் காலுறையைக் கழற்றி இரண்டு குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் மூன்று முறை ஒரு செவிலியரின் கண்ணெதிரே இருக்கும் கால் அது, உறைக்குள் மறைந்திருப்பதால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஓட்டின் ஓரம் பிரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, அமுக்கினால் மெத்தென்று இருந்தாலோ, வாடை வந்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துப் போங்கள்.